பேரெழுதி வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

சாக்பீஸ் கரும்பலகையில் அழுந்தித் தேயும்போது எழுகிற 'கிறீச்' என்ற சத்தம், பல்லின் வேர்வரை போய்க் கூசவைக்கிற அந்தச் சத்தம், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பதினொரு மணிவாக்கில் எங்கள் தெருவின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும். பள்ளிக்கூடத்துச் சத்தம் இல்லை அது. கேபிள் டிவியில் காட்டிய வெளிநாட்டு மல்யுத்த நிகழ்ச்சியில் வந்தது. மல்யுத்தம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது 'பைட்டு'.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் இருக்கிறது. தெருவின் மேற்குப் பாதியில் எங்கள் முஸ்லிம் வீடுகள், கிழக்குப் பாதியில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர்களின் வீடுகள். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் அத்தா, அதாவது அப்பா, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். உழவு நின்றுபோனதும் அவருக்கும் வேலை நின்றுபோயிற்று. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது லாரி டிரைவர் விசாவில் சவூதியில் இருக்கிற தம்மாமுக்குப் போனார். மறுவருடம், லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் மூலமாக ஒரு கலர் டிவியை அனுப்பிவைத்தார். அந்தப் பெட்டி நடுக்கூடத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்த மாதமே தெருவில் கேபிள் கம்பியும் வந்துவிட, தம்மாமில் இருக்கிற அத்தாவைவிட அமெரிக்காவில் இருக்கிற பயில்வான்களை எங்களுக்கு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எங்களில் ஒருவருக்கும் விளங்காது. அதனால் பெயர்களையும் கதையையும் நாங்களே வைத்துக்கொண்டோம். மீசைக்காரன் ஒருவன் 'ஐயனார்'. வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டையில் வருகிறவன் 'பால்காரன்'. எல்லோருக்கும் பிடித்த, தோளில் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு சிரித்தபடியே வருகிறவன் 'மஞ்சத்துண்டு'. எதிர்வீட்டுச் செல்விதான் இந்தப் பெயர்களில் பாதியை வைத்தவள். அவள் என் வகுப்பு. அவள் அப்பாவுக்கு இரண்டு மா குத்தகை நிலம், அவர்கள் வீட்டில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி. பைட்டு மட்டும் கலரில் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் அம்மாவும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள். அத்தாவின் கடிதம் வராத வாரங்களில் அம்மா யாரோடும் சரியாகப் பேசமாட்டாள். ஆனால் மஞ்சத்துண்டு ஜெயித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும்.

அப்போதுதான் பேரெழுதி வந்தான்.

முதல்முறை அவன் வந்தபோது அரங்கத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்து, எங்கள் டிவிதான் கெட்டுவிட்டது என்று அம்மா எழுந்து போய் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு மேலேயிருந்து சங்கிலியில் கட்டிய கரும்பலகை ஒன்று மெதுவாக இறங்கியது. கதவளவு பெரிய பலகை. வக்கீல் அங்கி மாதிரி கறுப்பாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, முகம் முழுக்கச் சாம்பல் பூசி, செருப்பில்லாத காலோடு நெடுநெடுவென ஒருவன் நடந்து வந்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பலகையில் ஒரு பெயரை எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பார்த்தது எங்களைத்தான். அடுத்த வாரம் பால்காரன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவனுடைய வெள்ளைச் சட்டையை மட்டும் மேடை நடுவில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டாவதாக ஐயனாரின் பெயரை எழுதினான், அவனும் போனான். மூன்றாவதாக இன்னொருவன்.

இது நடிப்பு என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் நடிப்பு என்று சொன்னவர்களும் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கரும்பலகை இறங்கும்போது என் அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பயம் போக ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை முணுமுணுக்க ஆரம்பித்து, அவன் போகும்வரை நிறுத்தமாட்டாள். செல்வியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பத்தரை மணிக்கே செல்வியைக் கூப்பிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். ஓதுகிற பள்ளியில் உஸ்தாது, "அது சைத்தான் வேலை, பாக்குற கண்ணுக்கும் பாவம்" என்று கண்டித்தார். கண்டித்துவிட்டு, இந்த வாரம் யார் பெயரை எழுதினான் என்று பெரிய பையன்களிடம் விசாரித்தார். டீக்கடையில் இருவருக்குச் சண்டை வந்து கண்ணாடி கிளாஸ் உடைந்தது. பெயர் எழுதப்பட்டவர்களை நிஜமாகவே கொன்றுவிடுகிறார்கள், அமெரிக்காவில் அதற்குச் சட்டம் இருக்கிறது என்று ஒருவர் சாதித்ததுதான் காரணம்.

பள்ளிக்கூடத்தில் அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைக் கிளாஸ் லீடர் போர்டில் எழுதிவைப்பது எல்லா வகுப்பிலும் உள்ள வழக்கம்தானே. பேரெழுதி வந்த பிறகு ஒருநாள் லீடர் சாக்பீஸை வேண்டுமென்றே அழுத்தி, 'கிறீச்' என்று இழுத்து, முருகேசன் என்று எழுதினான். முருகேசன் எழுந்து நின்றான். அழவில்லை, காலோடு சேர்த்து டவுசர் நனைந்துவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் பயந்துபோய் வராமல் இருந்தான் என்று இன்றைக்குச் சொல்லலாம். எங்களுக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. போர்டில் எழுதினான், ஆளைக் காணோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் மில் சுவர் விளையாட்டு ஆரம்பமானது. தெருக்கோடியில் மூடிக்கிடந்த அரிசி மில்லின் பின்பக்கச் சுவர், உமிப் புகை படிந்து படிந்து கரும்பலகை போலவே இருக்கும். பிடிக்காதவர்கள் பெயரை அதில் எழுதுவோம். எழுதப்பட்டவர் 'போயிட்டாங்க'. அவர்களோடு யாரும் பேசக்கூடாது, பார்க்கக்கூடாது, அவர்கள் எதிரே வந்தால் காற்று வருகிற மாதிரி விலகிப் போக வேண்டும். எழுதின ஆள் தன் கையாலேயே அழித்தால்தான் அவர்கள் திரும்பி வருவார்கள். வேறு யார் அழித்தாலும் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளும் செல்விதான். ஆனால் முதலில் அதில் மாட்டிக்கொண்டவளும் அவளேதான்; பயில்வான் படம் போட்ட கார்டுகளை வைத்து ஆடுகிற ஆட்டத்தில் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நான்தான் அவள் பெயரை எழுதினேன். நான்கு நாள் அவள் தனியாக நடந்து பள்ளிக்கு வந்தாள், தனியாகச் சாப்பிட்டாள். நான்காம் நாள் மத்தியானம், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் போய் அழித்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சட்டம் அவள் போட்டதாயிற்றே.

புரட்டாசியில் அத்தா லீவில் வந்தார், மூன்று வருடத்துக்குப் பிறகு. முதல் ஒரு வாரம் அவரை எனக்கு யாரோ வந்து தங்கியிருப்பது போலத்தான் இருந்தது. தோல் கறுத்து, முன்மண்டையில் முடி கொட்டி, சாப்பிடும்போது கூடப் பேசாதவராக வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "நல்லாப் படிக்கிறியா தங்கம்" என்று கேட்பார். "ம்" என்பேன். மறுபடி சற்று நேரம் கழித்து அதையே கேட்பார்.

அவர் இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரெழுதி மஞ்சத்துண்டின் பெயரை எழுதினான். மஞ்சத்துண்டு எழுதவிடாமல் தடுக்க ஓடி வந்தான், பாதி வழியில் விளக்கு அணைந்தது. விளக்கு வந்தபோது மேடையில் மஞ்சள் துண்டு மட்டும் கிடந்தது. அம்மா அழுதுவிட்டாள். செல்வி எழுந்து யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று சாயங்காலமே காய்ச்சல் அடித்தது. "எழுதாதே, எழுதாதே" என்று உளறினேன் என்று அம்மா பிறகு சொன்னாள். அத்தா என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், விடிந்ததும் எழுந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் கேபிள் கம்பியை வெட்டிவிட்டு வந்தார்.

"நான் அங்க வெயில்ல கெடந்து வாங்கி அனுப்புனது இந்தப் பேயப் பாத்துப் புள்ள காய்ச்சல்ல கெடக்குறதுக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஈரத்துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

காய்ச்சல் விட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை ஆத்திரம் அந்த வயதுப் பெண்ணுக்கு வரும் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், அதை அனுபவித்திராவிட்டால். மஞ்சத்துண்டு என்ன ஆனான் என்பதை ஊரில் எல்லோரும் பார்க்கப்போகிறார்கள், எனக்கு மட்டும் தெரியப்போவதில்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர், எங்கள் வீட்டில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுகிற ஒருவர், அதைக் கெடுத்துவிட்டார். பள்ளி விட்டு வரும்போது நேராக மில் சுவருக்குப் போனேன். அத்தாவின் முழுப்பெயரை, இனிஷியலோடு, சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

பத்து நாள் கழித்து, ஐப்பசி பிறந்ததும், அவர் லீவு முடிந்து கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் என் தலையில் கைவைத்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதப்பட்டவர்களைப் பார்க்கக்கூடாது என்பதுதான் சட்டம்.

மூன்றாம் நாள் கேபிள்காரர் வந்து மாடி ஏறினார். நான் அம்மாவிடம் ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன்.

"அத்தா பம்பாய்லேருந்து போன் பண்ணுனாங்க. புள்ள மொகமே சரியில்ல, லைனைக் குடுத்துரு, பாத்துட்டுப் போவட்டும்னாங்க."

அதைக் கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் மில்லுக்கு ஓடினேன். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் விடாத மழை. சுவர் முழுக்கக் கழுவிவிட்ட மாதிரிக் கருகருவென்று ஈரமாக நின்றது. ஒரு பெயரும் இல்லை. மழை அழித்தால் செல்லாது. எழுதினவர் கைதான் அழிக்க வேண்டும். அத்தாவின் பெயர் எந்த இடத்தில் இருந்தது என்று சரியாகத் தெரியாததால் எட்டுகிற உயரம்வரை முழுச் சுவரையும் இரண்டு கையாலும் தேய்த்தேன். கை கறுத்து, தோல் உரிந்து எரிந்தது. ஏதோ ஓரிடத்திலாவது பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கார்த்திகையில் செய்தி வந்தது. ரியாத் போகிற சாலையில் அத்தா ஓட்டிய லாரி நின்றிருந்த இன்னொரு வண்டியில் மோதியதாகவும், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாகவும், தகவல் இங்கே வருவதற்கு முன்பே அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் கடைத்தெரு போன் பூத்திலிருந்து சாச்சா கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சாச்சா, அத்தாவின் தம்பி; பக்கத்து வீட்டில் இருந்தவர். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், முன்னால் உடல் இல்லாமலேயே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகை நடந்தது. அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, நான்கு மாதம் பத்து நாள் வெளியாள் யாரையும் பார்க்காமல் இருக்கிற இத்தாவில் உள்ளறையில் உட்கார்ந்தாள். டிவியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள்.

நான் அழவில்லை. அதைப் பற்றி வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். பயத்தில் இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருந்தது: அத்தா செத்துப்போனதாக நான் நம்பவில்லை. உடலை யாரும் பார்க்கவில்லை. ஒரு பெட்டி மட்டும் வந்தது. அதற்குள் அவருடைய இரண்டு சட்டையும் ஒரு கைலியும் ஷேவிங் செட்டும் இருந்தன. பால்காரனும் மஞ்சத்துண்டும் போனபோதும் துணிதான் கிடந்தது. அத்தாவும் அவர்கள் போன இடத்துக்குத்தான் போயிருக்கிறார், அனுப்பினவள் நான்.

தை மாதத்தில், பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது செல்வி சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கெழம மஞ்சத்துண்டு திரும்பி வருதாம். விளம்பரம் போடுறான். பேரெழுதியோட கடைசிச் சண்டை. போர்ட ஒடச்சிட்டா போனவங்க எல்லாம் வந்துருவாங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு, எங்கள் வீட்டில் உறவுக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் அம்மாவோடு உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்கும்போது, நான் கொல்லைவழியாக வெளியேறிச் செல்வி வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அந்தச் சின்ன டிவியின் முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மூலையில் இருந்த ஒரு பெண்மணி, எனக்குக் கேட்கும்படியாகவே, "அப்பன் போயி ரெண்டு மாசம் ஆவல, டிவி பாக்க வந்துருக்கு பாரு" என்றார். நான் நகரவில்லை. செல்வி தன் அம்மாவைப் பார்த்தாள். அத்தை எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், செல்விக்கும் தனக்கும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார். "புள்ள எதுக்கு வந்துச்சோ, ஒக்காந்துட்டுப் போவட்டும்" என்றார் பொதுவாக.

சண்டை எப்படி நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மஞ்சத்துண்டு அதைச் சங்கிலியோடு இழுத்துக் கீழே போட்டு, காலால் மிதித்து உடைத்தான். பேரெழுதி முழங்கால் போட்டு விழுந்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, திரைக்குப் பின்னாலிருந்து முதலில் பால்காரன் வந்தான், பிறகு ஐயனார், பிறகு மற்றவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்த வீட்டில் எழுந்த கூச்சலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. செல்வி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து ஓடினேன்.

திருவாரூரிலிருந்து பன்னிரண்டேகால் பஸ் வருகிற நேரம் அது. வந்து நின்றது, மூன்று பேர் இறங்கினார்கள். ஒன்றரைக்கு இன்னொன்று வந்தது. அதிலிருந்து பெட்டியோடு ஒருவர் இறங்கியபோது நான் அவரை நோக்கி ஓடினேன். அவர் சாலையைக் கடந்து வேறு பக்கம் போனார். இரண்டேகால் பஸ் நிற்காமலே போயிற்று. வயல்களில் சம்பா அறுவடைக்கு ஆள்கள் இறங்கியிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்கு மேல் சாச்சா சைக்கிளில் வந்தார். என்னைத் தேடி ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இங்க என்னம்மா பண்றே? ஒங்கம்மா உள்ள கெடந்து தவிக்கிறாங்க."

"அத்தா வருவாங்க சாச்சா."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பியை வெட்டியது, சுவரில் எழுதியது, மழை, போர்டு உடைந்தது, போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டது. நடுவில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்கத்தா பேர எழுதுனது நீ இல்லம்மா" என்றார். "அந்த விசா எனக்கு வந்தது. ஆளோட பேர எழுதி அனுப்பச் சொல்லி தம்மாம்லேருந்து கேட்டாங்க. எனக்கு அப்பதான் கல்யாணமாயி மூணு மாசம். போவ மனசு வரல. அண்ணனுக்கு வேல இல்லாமத்தானே இருக்குன்னு, அவர்ட்ட ஒரு வார்த்த கேக்காம, அவரு பேர எழுதி நாந்தான் அனுப்புனேன். அவரு பேர்ல விசா வந்ததுக்கப்புறந்தான் சொன்னேன். சரிடா, போறேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லாமல், சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதார். மூன்றே முக்கால் பஸ் தூரத்தில் திருப்பத்தில் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேருமே எழுந்து நின்றோம். யாரும் இறங்கவில்லை. பஸ் போன பிறகு, அதன் டீசல் புகை அடங்கும்வரை நின்றுவிட்டு, சாச்சா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே, "நாந்தான் மச்சி கடைக்கு அழைச்சிட்டுப் போயிட்டேன், சொல்லாம போனது தப்புதான்" என்று உள்ளறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். அதற்குள் டிவி பார்க்கப்போன கதை அம்மாவின் காதுக்கு வந்துவிட்டிருந்தது. அம்மா என்னை உள்ளே இழுத்து முதுகில் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவள், என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மாதக்கணக்கு ஆகியும் உள்ளங்கையில் தழும்பு மறையாமல் இருந்தது. எப்படி என்று கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றேன்.

நானும் சாச்சாவும் அந்த மத்தியானத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் கடைசிவரை வெளிநாடு போகவில்லை. அத்தா ஓட்டிய டிராக்டரை அவர் ஓட்டினார், என்னைப் படிக்கவைத்தார், என் கல்யாணத்தில் அத்தாவின் இடத்தில் பெண்ணுக்குப் பொறுப்பாளராக, வலீயாக உட்கார்ந்து ஒப்பம் வைத்தார். நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. பாரத்தைப் பாதி வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேரெழுதி அதன்பின் சாதாரணமான பயில்வானாக வேறு பெயரில் வந்து, எல்லோரிடமும் தோற்று, பிறகு வராமலே போனான். சில வருடங்களுக்கு முன் அவருடைய பேட்டி ஒன்றைப் பார்த்தேன். நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற, காதில் கருவி மாட்டிய கிழவர். அந்தக் கதை ஓடிய காலத்தில் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள் என்றார். திட்டி வருமா என்று கேட்டவருக்கு, இல்லை என்று தலையாட்டினார். என் தங்கையைத் திருப்பி அனுப்பு, என் தாத்தாவைத் திருப்பி அனுப்பு என்று எழுதுவார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவற்றைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதற்குமேல் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. முருகேசன் சிங்கப்பூரில் இருக்கிறான், செல்வி கோயம்புத்தூரில். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும்தான். போனில் முகம் பார்த்துப் பேசுவதால் யாரும் காணாமல் போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கணவருக்கும் தம்மாமில்தான் வேலை அமைந்தது. விசிட் விசாவில் நான் அங்கே போனபோது, அத்தாவை அடக்கிய ஊர் நூறு கிலோமீட்டருக்குள்தான் என்று விசாரித்து ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப்போனார். அடக்கம் செய்கிற இடத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள். மதில் ஓரத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார், செருப்பெல்லாம் மணல்.

"பேரு, நம்பரு ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒரே மாதிரி கல்லுதான் நட்டுருக்கு. எதுன்னு தெரியல" என்றார். "எல்லாருக்கும் சேத்து ஸலாம் சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்று சாயங்காலம் அம்மா போனில் கேட்டாள், "பாத்தியா?"

"பாத்தேம்மா" என்றேன்.